'தம்பி' என்று கூப்பிட்டே 3,600 வெள்ளியைக் கறந்துவிட்டார்: பழைய டீசல் பம்ப் வாங்குவோர் கவனத்துக்கு

3,600 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). இரண்டு நாளாக இந்தத் தொகை மட்டும்தான் மண்டைக்குள் ஓடுகிறது. கடையின் பெயரைப் போட மாட்டேன். போட்டால் வக்கீல் கடிதம் எனக்குத்தான் வரும். சிங்கப்பூரின் வடக்கே ஒரு தொழிற்பேட்டையில், கழித்துப்போட்ட லாரி, எக்ஸ்கவேட்டர்களின் டீசல் சாமான்களைப் பிரித்து விற்கிற கடை. பழைய பொருள் விற்கிற ஒரு செயலியில்தான் விளம்பரத்தைப் பார்த்தேன். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற பழைய பம்ப் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் மச்சினன் ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில் ஒரு கோதுமைப் பண்ணையில் வேலை செய்கிறான். அங்கே டிராக்டர் இழுவைப் போட்டி என்று ஒன்று உண்டு. குவாம்படூக் என்கிற சின்ன ஊர் அதற்குப் பெயர் போனது. நம் ரேக்ளா மாதிரி நினைத்துவிடாதீர்கள், இங்கே வேகம் கணக்கில்லை. டிராக்டருக்குப் பின்னால் ஓர் இரும்புச் சறுக்கு வண்டியைச் சங்கிலியில் மாட்டுவார்கள். இழுக்க இழுக்க அதன் மேலிருக்கிற எடைப்பெட்டி முன்பக்கம் நகர்ந்து வரும், சறுக்கு மண்ணை அழுத்தும், சுமை கூடிக்கொண்டே போகும். தடம் சுமார் 100 மீட்டர். பாதியில் மூச்சு வாங்கி நின்றால், நின்ற இடம் வரைக்கும்தான் அளப்பார்கள்.

அந்தப் பைத்தியம் அவனுக்குப் பிடித்து, ஒரு விவசாயியின் கொட்டகையில் வருஷக்கணக்காகக் கிடந்த இன்டர்நேஷனல் 1066 டிராக்டர் ஒன்றை வாங்கினான். 1971 முதல் 1976 வரை வந்த மாடல். 414 கன அங்குல இன்ஜினோடு வந்தது. அதைக் கழற்றிவிட்டு முன்பு வைத்திருந்தவர் 466 ஏற்றியிருந்தார். இழுவைக்காரர்கள் வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் இன்ஜின் இறுகிப்போயிருந்தது. நான் இங்கே கப்பல் பட்டறையில் டீசல் மெக்கானிக். ராத்திரி வீடியோவில் நான் சொல்லச் சொல்ல, டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி ஆறு சிலிண்டரிலும் டீசலையும் கியர் ஆயிலையும் கலந்து ஊற்றினான். ஒன்பது நாள் ஊறவிட்டு, பிளைவீல் பல்லில் கம்பியைக் கொடுத்து நெம்பினோம். பத்தாவது நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. "அத்தான், சுத்துது!" என்று அவன் கத்தியதில் என் மனைவி தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

பம்ப்தான் செத்துவிட்டது. டீசலில் தண்ணீர் இறங்கி உள்ளே துரு. எப்படியும் மாற்றத்தான் வேண்டும், பழைய ரோட்டரி பம்பால் இழுவைக்கு வேண்டிய டீசலைத் தள்ள முடியாது. சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் (டீசலைத் தள்ளுகிற தண்டு) வீதம் ஆறும் வரிசையாக நிற்கிற பாஷ் பி-டைப் (P) பம்ப் வேண்டும். 12 மில்லிமீட்டர் பிளஞ்சர் இருந்தால் நல்லது. அங்கே அதற்குச் சொன்ன விலையைக் கேட்டு அவன் வாய் அடைத்துப்போனான். நான்தான் வாயைக் கொடுத்தேன். "இங்கே லாரியெல்லாம் நன்றாக ஓடும்போதே கழிவுக்குப் போகிறது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கடையில் இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். "எந்த ஊரு தம்பி?" என்றார். பட்டுக்கோட்டைப் பக்கம் என்றேன். "அட, நமக்குப் பேராவூரணி!" அவ்வளவுதான், கீழே காப்பிக் கடைக்கு அழைத்துப்போய் தே தாரிக் வாங்கிக் கொடுத்தார். டிராக்டர் கதையை முழுக்கக் கேட்டார். "போட்டிக்கா? அப்ப கொளுத்திடலாம்" என்று சிரித்தார். கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினார். டெஸ்ட் பெஞ்சில் பம்ப் சுற்றுகிறது, ஆறு கண்ணாடிக் குழாயிலும் எண்ணெய் ஒரே மட்டத்தில் ஏறுகிறது. பார்க்கக் கோயில் விளக்கு வரிசை மாதிரி இருந்தது. மேலே வந்தால் மேசையில் பம்ப் தயார். புதுச் சாம்பல் பெயிண்ட், வாய்களெல்லாம் மஞ்சள் மூடி போட்டு, பிளாஸ்டிக் சுற்றி, டேப் ஒட்டியிருந்தது.

பதினெட்டு வருஷமாக அடுத்தவன் பம்பைப் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை நான். அன்றைக்கு டேப்பைக் கிழிக்கக் கூச்சமாக இருந்தது. டீ வாங்கிக் கொடுத்த மனுஷன், நம்ம ஊர்க்காரர், அவர் முன்னாலேயே கிழித்துப் பார்ப்பதா என்று தோன்றிவிட்டது. அந்தக் கூச்சத்தின் விலை 3,600 வெள்ளி.

கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்புகிற பேநவ் செய்யும்போது திரையில் வேறு பெயர் வந்தது. கேட்டேன். "வீட்டுக்காரி நம்பர் தம்பி, கடை அக்கவுண்ட் ஆடிட்ல இருக்கு." பில்? "நாளைக்கு வாட்ஸப்ல போடுறேன்." சரி என்று தலையாட்டினேன். இதை எழுதும்போது எனக்கே என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது.

விமானச் சரக்கில் அனுப்ப இன்னொரு 410 வெள்ளி. மச்சினன் பெட்டியைத் திறந்து ஷாப்ட்டைக் கையால் சுற்றினான், அசையவில்லை. பிளஞ்சர்களுக்கு மேலே இருக்கிற டெலிவரி வால்வுகளைக் கழற்றினான். மூன்று பிளஞ்சர்கள் அவை ஓடுகிற பேரலோடு (குழலோடு) துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரின் மூடியைத் திறந்தால் உள்ளே எடைக்கட்டிகளே இல்லை, காலி டப்பா. பெயிண்ட் மட்டும் புதுசு. அப்புறம் அந்த வீடியோவை இருபது தடவை பார்த்தேன். அதில் ஓடுகிற பம்பில் நிறுத்தும் லீவர் இருக்கிறது. எங்களுக்கு வந்ததில் அதற்கு ஓட்டைகூடக் கிடையாது. வீடியோவில் இருந்தது வேறு பம்ப்.

போன் செய்தேன். முதல் நாள் "அப்படியா, பாஸ் இந்தோனேசியா பாத்தாமுக்குப் போயிருக்காரு, வரட்டும்." மறுநாள் "கப்பல்ல தண்ணி புகுந்திருக்கும் தம்பி." விமானத்தில் போனது என்றேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு "நீங்க பிரிச்சிட்டீங்கல்ல, பிரிச்ச சாமானுக்கு கேரண்டி கிடையாது." பிரிக்காமல் துருவை எப்படிப் பார்ப்பது? அதற்குப் பதில் இல்லை, இரண்டு நீலக் கோடு மட்டும். நேற்று வேலை முடிந்து நேரில் போனேன். ஒரு பையன்தான் இருந்தான். "அந்த அண்ணன் இங்க வேலை செய்யலியே, வந்துபோறவருதான்" என்கிறான்! அதே மேசை, அதே மஞ்சள் மூடி டப்பா, சுவரில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' பலகை. அது அன்றைக்கும் அங்கேதான் இருந்திருக்கும். நான்தான் பேராவூரணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வங்கியில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், திருப்ப முடியாது என்கிறார்கள். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகப் போகிறேன். 20,000 வெள்ளி வரைக்கும் அங்கே கேட்கலாம், 5,000 வெள்ளிக்குள் என்றால் நம்மைப் போன்ற வாடிக்கையாளருக்குப் பதிவுக் கட்டணம் 10 வெள்ளிதான், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பு யார் என்று எழுத வேண்டுமே. என்னிடம் பில் இல்லை, ஒரு கைப்பேசி எண்ணும் யாரோ ஒரு 'வீட்டுக்காரி' பெயரும்தான் இருக்கிறது. 3,600 வெள்ளிக்கு இதுதான் சாட்சி.

மச்சினன் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் எரிகிறது. இன்ஜின் எகிறினால் காற்றை அடைக்கிற தகடு, அதைச் சறுக்கு வண்டியோடு கட்டுகிற கம்பி என்று போட்டிக்கு வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே மாட்டி வைத்திருந்தான். டிராக்டர் பம்ப் இல்லாமல் நிற்கிறது.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்றேன். மணி ஒன்றாகிவிட்டது, காலை ஷிப்ட் இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஷாப்ட்டை உங்கள் கையால் சுற்றுங்கள், ஆறு இடத்தில் முட்டி முட்டிப் போக வேண்டும். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ராக்கை (பல் கம்பியை) விரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். ஒரு டெலிவரி வால்வையாவது கடைக்காரர் முன்னாலேயே கழற்றச் சொல்லுங்கள். வீடியோ வேண்டாம், பம்பின் எண் எழுதிய காலிபரேஷன் தாளை (அளவு சோதித்த தாளை) கேளுங்கள். கடைப் பெயருக்குப் போகாத பேநவ் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பில் இல்லாமல் ஒரு காசு கொடுக்காதீர்கள். டீயை வேண்டுமானால் குடியுங்கள்.

டர்போ பற்றியும் எழுத நினைத்தேன். மச்சினன் கூப்பிடுகிறான், அப்புறம் பார்க்கலாம்.