சாப்டூர்த் தோப்பில் ஆறு மாதம்: செயற்கைக்கோள் வழி மோட்டார்க் கட்டுப்பாட்டுக் கருவி

பேரையூர் வட்டத்தில், சாப்டூர் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் தென்னந்தோப்பில் கைப்பேசிக்கு டவர் கிடைப்பதில்லை. முன்பு ஒரு சிம் கார்டு ஸ்டார்ட்டர் வைத்திருந்தோம். உயரமான மூங்கில் கழியில் ஆன்டெனாவைக் கட்டி, எப்படியோ சிக்னல் பிடித்து ஓட்டினோம். விற்றவர்கள் '1234' என்ற கடவுச்சொல்லோடு கொடுத்தார்கள்; அதை மாற்ற வேண்டும் என்று சொல்லவும் இல்லை, மாற்றுவதற்கு எளிய வழியும் வைக்கவில்லை. சென்ற சித்திரையில் ஒருநாள் இரவு, கிணற்றில் தண்ணீர் இல்லாத நேரத்தில் யாரோ அனுப்பிய கட்டளைக்கு மோட்டார் ஓடத் தொடங்கி, விடிவதற்குள் அதன் கம்பிச்சுருள் (காயில்) எரிந்துவிட்டது. எந்த எண்ணிலிருந்து கட்டளை வந்தது என்பதற்கு அந்தப் பெட்டியில் பதிவே இல்லை.

அதனால்தான் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் இந்தப் புதிய கருவியை வாங்கும்போது, பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கற்பித்த பழக்கத்தில், அது உரிமையாளரை எப்படி அடையாளம் காண்கிறது என்பதையே முதலில் கேட்டேன். பெட்டிக்குள் ரகசியச் சாவியைத் தாங்கிய தனிச் சில்லு இருக்கிறது. கைப்பேசிச் செயலியில் மோட்டாரைப் போடச் சொன்னதும், கட்டளையோடு ஒரு வரிசை எண்ணும், இரண்டையும் சாவியோடு சேர்த்துக் கணக்கிட்ட ஒரு முத்திரையும் போகின்றன. தோப்பில் உள்ள பெட்டி அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்த்து, முத்திரை ஒத்துப்போய், வரிசை எண்ணும் முந்தையதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டுமே மோட்டாரை இயக்குகிறது. நேற்றைய கட்டளையை ஒருவர் வானலையில் பிடித்து வைத்திருந்து இன்று மறுபடி அனுப்பினாலும் அது செல்லாது. நேரத்தை வைத்துச் சரிபார்க்கும் முறையும் உண்டு என்றாலும், வயலில் கிடக்கும் பெட்டி நேரத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். பொதுமக்களுக்கான அந்த அலையைப் போலியாக உருவாக்கிக் கடிகாரத்தை ஏமாற்ற முடியும் என்பதால், வரிசை எண்ணை நம்பியது சரியான முடிவு என்பேன்.

என் மருமகனின் கைப்பேசியில் அதே செயலியை நிறுவி, என் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துப் பார்த்தோம். பதிவு செய்த கைப்பேசி அது இல்லை என்பதால் கருவி மறுத்துவிட்டது, மறுத்த செய்தி, நேரத்தோடு என் கைப்பேசிக்கு வந்தது. பழைய பெட்டியில் இது ஒன்று இருந்திருந்தால் அந்த ரீவைண்டிங் செலவு மிச்சமாகியிருக்கும்.

வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். இணைப்பைத் தரும் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அலை மேலே போய்க் கீழே வரவே கால் விநாடி ஆகும், சேவையின் வரிசையில் காத்திருப்பதும் சேர்ந்து, 'ஓடுகிறது' என்ற பதில் எனக்கு ஏறத்தாழ 20 விநாடியில் வருகிறது. மோட்டாருக்கு இது போதும். நம் ஊர் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் செயற்கைக்கோள் வானில் நல்ல உயரத்தில் தெரிகிறது, மேற்கே மலை இருந்தும் மறைக்கவில்லை. தென்னை மட்டைதான் மறைத்தது. ஆன்டெனாவை மோட்டார் அறையின் கூரைக்கு மாற்றிய பிறகு தொல்லை இல்லை.

இதன் குறை, கைப்பேசியைப் பதிவு செய்யும் முறையில் இருக்கிறது. பெட்டியின் பின்புறம் ஒட்டியுள்ள க்யூஆர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தால் புதிய கைப்பேசியை உரிமையாளராகச் சேர்த்துவிடலாம். பெட்டியில் ஒரு பொத்தானைக்கூட அழுத்த வேண்டியதில்லை. பொருத்த வந்த பையன் வாரண்டிக்காக என்று அந்த ஸ்டிக்கரைத் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனான். அவனிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை, ஆனாலும் தோப்பின் சாவி ஒன்று அவன் வாட்ஸ்அப்பில் இருந்தது. 2022 பிப்ரவரி 24 அன்று ஐரோப்பாவில் காசாட் செயற்கைக்கோள் சேவையின் மோடம்கள் இணையத் தாக்குதலில் ஆயிரக்கணக்கில் முடங்கி, மத்திய ஐரோப்பாவில் சுமார் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பு அறுந்தபோதும், செயற்கைக்கோளை யாரும் தொடவில்லை. தரையில் இருந்த நிர்வாக வலையமைப்பின் வழியாகத்தான் நுழைந்தார்கள். இத்தனை கவனமாக முத்திரை போடும் கருவியைச் செய்தவர்கள், ஸ்டிக்கரில் இப்படி ஒரு வாசலைத் திறந்து வைத்திருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வாடிக்கையாளர் சேவையை மூன்று முறை அழைத்த பின் பழைய குறியீட்டை ரத்துசெய்து புதிய ஸ்டிக்கர் அனுப்பினார்கள். வாங்குகிறவர்கள் பொருத்திய அன்றே அதைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் ஸ்டிக்கரை நான் பெட்டியில் ஒட்டவில்லை. நிலப் பத்திரத்தோடு பீரோவில் வைத்திருக்கிறேன்.