பட்ஜெட் ஹோட்டல்: கட்டிலுக்கு முழு மதிப்பெண், கதவுக்குப் பூஜ்யம்

வேலை விஷயமாக அடிக்கடி வெளியூர் போகத் தொடங்கியிருக்கும் தோழி ஒருத்தி கேட்டாள்: "நீ வருஷக்கணக்கா இந்தச் சின்ன ஹோட்டல்கள்லயே தங்குறியே, இப்பவாவது அதெல்லாம் தேறியிருக்கா? நம்பிப் போகலாமா?" ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். அவள் கேட்டதற்கு முந்தைய ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை. அதனால் பதில் நீண்டுவிட்டது, கொஞ்சம் காரமாகவும் ஆகிவிட்டது.

நியாயமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப்போகக் கோபத்தில் விட்டுப்போகலாம். நான் தங்க ஆரம்பித்த காலத்தோடு பார்த்தால் மலிவு ஹோட்டல்கள் நன்றாகவே தேறியிருக்கின்றன. மெத்தை ஒன்றே சாட்சிக்குப் போதும். முன்பு நடுவில் குழி விழுந்திருக்கும். எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் அந்தக் குழிக்கே கொண்டுவந்து சேர்த்துவிடும். 1999இல் வெஸ்டின் ஹோட்டல்கள் 'ஹெவன்லி பெட்' என்று பெயர் வைத்து ஒரு கட்டிலையே விளம்பரப் பொருளாக்கின. போட்டிக்கு மற்ற பெரிய ஹோட்டல்களும் மெத்தையில் பணத்தைக் கொட்டின. அந்தப் பழக்கம் மெல்ல மெல்லக் கீழே வரைக்கும் இறங்கிவிட்டது. இன்று விலை குறைந்த அறையில்கூட வெள்ளை விரிப்பு, குழியில்லாத மெத்தை, ஈரவாடை அடிக்காத தலையணை எல்லாம் சாதாரணம்.

எனக்கு நிஜமாகவே சந்தோஷம் தருவது தலைமாட்டில் இருக்கும் பிளக் பாயிண்ட். சிரிக்காதீர்கள். டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் தூசிக்குள் துழாவி, டேபிள் லேம்ப்பின் ஒயரைப் பிடுங்கிப்போட்டு, போனைத் தரையில் வைத்து சார்ஜ் ஏற்றியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். இப்போது படுத்தபடியே கை எட்டும் தூரத்தில் இரண்டு பிளக், பக்கத்தில் யூஎஸ்பி, அதற்கு மேலே படிப்பதற்கு ஒரு சின்ன விளக்கு, அந்த விளக்குக்கென்று தனி ஸ்விட்ச். யாரோ ஒருத்தர் அந்தக் கட்டிலில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை வைத்திருக்க வேண்டும். ஷவரில் தண்ணீர் வேகமாக வருகிறது. வைஃபைக்குத் தனிக் காசு கேட்பது அநேகமாக ஒழிந்துவிட்டது. சாவி அட்டையைச் சுவரில் செருகினால்தான் கரண்ட் வரும் என்ற ஏற்பாடு மட்டும் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. வெளியே போகும்போது அட்டையை எடுத்தால் லேப்டாப் சார்ஜும் நின்றுபோகும். சரி, மின்சாரம் மிச்சமாகிறது, அதை மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது கதவு.

அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை. பட்ஜெட் ஹோட்டல் என்பதே எதையாவது கழித்து விலையைக் குறைக்கும் தொழில்தான். 1962இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் மோட்டல் 6 தொடங்கியபோது ஒரு ராத்திரிக்கு 6 டாலர், பெயரிலேயே விலை. காசு போட்டால் ஓடும் கறுப்பு வெள்ளை டிவி வைத்திருந்தார்கள். 1985இல் பிரான்ஸில் அக்கோர் நிறுவனம் கொண்டுவந்த ஃபார்முல் 1 ஹோட்டல்களில் அறைக்குள் குளியலறை கிடையாது. கழிப்பறையும் ஷவரும் பொது, ஆள் வெளியே வந்ததும் தானே கழுவிக்கொள்ளும். 2007இல் கோலாலம்பூரில் ஆரம்பித்த டியூன் ஹோட்டல் டவலுக்கும் ஏசிக்கும் தனித்தனியாகக் காசு வாங்கியது. ஒசாகாவில் 1979இல் திறந்த முதல் காப்ஸ்யூல் ஹோட்டல் அறையையே கழித்துவிட்டது. படுக்கும் அளவுக்கு ஒரு பெட்டி, கதவுக்குப் பதில் ஒரு திரை.

இவர்கள் எல்லோரிடமும் எனக்கு ஒரு மரியாதை உண்டு. எதைக் கழிக்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டுக் கழித்தார்கள். திரைக்குப் பின்னால் படுக்கிறவனுக்குப் பக்கத்துப் பெட்டியின் குறட்டை கேட்கும் என்று தெரியும், தெரிந்தேதான் போகிறான். இப்போதைய பட்ஜெட் ஹோட்டலின் பட்டியலைப் பாருங்கள்: டவல் உண்டு, ஏசி உண்டு, குளியலறை உள்ளேயே, டிவி சுவரளவு. எதையும் கழித்த மாதிரியே தெரியாது. கழித்தது என்ன என்பது ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் தெரியவரும்.

போன வாரம் தங்கிய இடம் புதுக் கட்டடம். அறை பளிச்சென்று இருந்தது; மேலே சொன்ன அத்தனை நல்லதும் அங்கே இருந்தன. வராந்தாவில் கம்பளம் கிடையாது, மரம் மாதிரி தெரியும் வழவழப்பான தளம். கம்பளம் இல்லாதது நல்லதுதான், சுத்தம் செய்வது சுலபம், பழைய நாற்றம் கிடையாது. ஆனால் அந்தத் தளத்தில் ஒரு நாலு சக்கரப் பெட்டி உருண்டு வந்தால் லிஃப்டிலிருந்து அறை வரை அதன் பயணத்தைப் படுத்தபடியே முழுவதும் பின்தொடரலாம். எதிர் அறையில் ஒரு குடும்பம். ஒருவர் வெளியே வருவார், கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், டமார். ஏதோ மறந்துவிட்டுத் திரும்பப் போவார், டமார். அடுத்தவர் வருவார். ஒவ்வொரு டமாருக்கும் என் தலைமாட்டுச் சுவரில் ஒரு அதிர்வு; மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலில்கூட லேசாக அலை தெரிந்தது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கதவைச் சத்தமில்லாமல் சாத்த வேண்டுமென்றால் கடைசி வரை கையால் பிடித்துக்கொண்டே வர வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெட்டியையும் இழுக்கிறவரால் அது ஆகிற காரியமா?

பிறகு விளக்கைப் போட்டு என் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இடைவெளி. சுண்டுவிரலைத் தாராளமாக விடலாம், கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர். வராந்தா வெளிச்சம் ஒரு பட்டையாக உள்ளே விழுகிறது. ஒலியியலில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதியை இரும்பாலேயே செய்தாலும் அது 20 டெசிபலுக்கு மேல் சத்தத்தைத் தடுக்காது. இரண்டு மீட்டர் உயரக் கதவுக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் என்றால் சரியாக நூற்றில் ஒன்று. வராந்தாவில் இரண்டு பேர் சாதாரணமாகப் பேசினால் 60 டெசிபல் அளவில் இருக்கும். 20 கழிந்தால் உள்ளே 40. நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் தொடர்ந்து இருக்கும் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது, தனித்தனியாக எழும் சத்தம் 45ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். பேச்சுக்கே இந்தக் கதி என்றால் அந்த டமாருக்கு என்ன கணக்கு?

சுவருக்காவது விதி இருக்கிறது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் கட்டட விதித் தொகுப்பில், அடுத்தடுத்த தங்கும் அறைகளுக்கு நடுவே உள்ள சுவருக்கும், அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவே உள்ள சுவருக்கும் எஸ்.டி.சி. 50 என்ற ஒலித்தடுப்பு அளவு வேண்டும். அந்த அளவு இருந்தால் பக்கத்து அறையில் உரக்கப் பேசினாலும் இங்கே அநேகமாகக் கேட்காது. அறையின் நுழைவுக் கதவுக்கு அந்த விதி பொருந்தாது. கதவு தன் நிலைச்சட்டத்தோடும் வாசற்படியோடும் இறுக்கமாகப் பொருந்த வேண்டும் என்பதோடு சரி. ஐம்பதுக்குச் சுவரைக் கட்டிவிட்டு, அதில் ஒரு ஓட்டைக் கதவை மாட்டினால் அந்த ஐம்பது யாருக்கு?

புது இடத்தில் சத்தம் கூடுதலாகவே உறுத்தும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2016இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். பழகாத இடத்தில் முதல் ராத்திரி தூங்கும்போது மூளையின் இடது பாதி முழுசாக ஆழ்ந்துபோவதில்லை. ஏதாவது சத்தம் வருகிறதா என்று காவல் காத்துக்கொண்டிருக்கிறது. ஒரே ராத்திரி தங்கிவிட்டு ஓடுகிறவர்களுக்கு ஹோட்டலில் எப்போதுமே முதல் ராத்திரிதான். இந்தத் தொழிலின் வாடிக்கையில் அப்படிப்பட்டவர்களும் நிறைய.

என் எரிச்சலுக்கு முக்கியக் காரணம், இதைச் சரிசெய்யும் வேலை அற்பமானது என்பதுதான். தீ விபத்துப் பாதுகாப்புக்காகக் கதவு தானாக மூட வேண்டும், சரி. அதற்காக மேலே மாட்டியிருக்கும் டோர் குளோசரில் பொதுவாக இரண்டு ஸ்க்ரூ இருக்கும். ஒன்று கதவு வரும் வேகத்துக்கு, இன்னொன்று கடைசி சில அங்குலங்களில் சாத்தும் வேகத்துக்கு. இரண்டாவதைக் கொஞ்சம் திருகினால் டமார் அடங்கும். ஒரு ஏணி, ஒரு ஸ்க்ரூ டிரைவர், கதவுக்கு ஐந்து நிமிடம். கீழ் இடைவெளிக்கும் வழி உண்டு: கதவைச் சாத்தியதும் தானாகக் கீழே இறங்கி அடைத்துக்கொள்ளும் ரப்பர் பட்டை. சில கட்டடங்களில் அறைக்குக் காற்று அந்த இடைவெளி வழியாகத்தான் வருகிறது என்பார்கள். அப்படியென்றால் காற்றுக்கு வேறு வழி விட்டிருக்க வேண்டும்.

ரிசப்ஷனுக்குப் போன் செய்தேன். எடுத்த பையன் தங்கமானவன். நடுராத்திரியிலும் தூக்கக் கலக்கம் இல்லாத குரல், உடனே வேறு அறை தருவதாகச் சொன்னான். எங்கே என்று கேட்டேன். லிஃப்டுக்கு எதிரே. பணிவில் ஒரு குறையும் இல்லை. முன்பு இதே மாதிரி போன் செய்தால் யாரும் எடுக்கவே மாட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏன் மெத்தை மாறியது, கதவு மாறவில்லை? மெத்தையைப் போட்டோ எடுக்கலாம். தலைமாட்டு விளக்கை எடுக்கலாம், ஷவரை எடுக்கலாம். புக் செய்கிறவர் பார்ப்பது போட்டோவும் மதிப்பெண்ணும்தான். புக்கிங் டாட் காமில் தங்கியவர்களிடம் மதிப்பெண் வாங்கும் தலைப்புகளைப் பாருங்கள்: ஊழியர்கள், வசதிகள், சுத்தம், சௌகரியம், கொடுத்த காசுக்கான மதிப்பு, இடம், வைஃபை. வைஃபைக்குத் தனித் தலைப்பு இருக்கிறது, அமைதிக்கு இல்லை. 'சௌகரியம்' என்பதற்குள் அது அடங்கும் என்று வாதாடலாம்தான். மெத்தை நன்றாக இருந்துவிட்டால் அந்தக் கட்டத்தில் நல்ல மார்க் விழுந்துவிடும். எதற்கு மார்க் விழுகிறதோ அதற்குத்தான் முதலாளி செலவு செய்வார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

எல்லோரும் இப்படி இல்லை. பிரிட்டனின் பிரிமியர் இன் நல்ல தூக்கத்துக்கு உத்தரவாதம், இல்லையென்றால் பணம் வாபஸ் என்று சொல்லியே வியாபாரம் வளர்த்த பட்ஜெட் ஹோட்டல். தூக்கத்துக்கு ஒரு முதலாளி பணயம் வைக்கும்போது கதவும் சுவரும் தானாகவே அவர் கவலையாகிவிடும். மற்றவர்கள் அதைச் செய்யாததற்கு விலை ஒரு சாக்கு அல்ல என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆக, தோழிக்கு நான் சொன்ன பதில்: தேறியிருக்கிறது, நிறையவே தேறியிருக்கிறது, இப்போதைக்கு ஐந்துக்கு இரண்டு. அவள் குழம்பிப்போய், இவ்வளவு நேரம் மெத்தை, பிளக் என்று புகழ்ந்தாயே என்றாள். புகழ்ந்தேன். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில் கேட்டிருந்தால் நாலு கொடுத்திருப்பேன். ஹோட்டலுக்கு நான் போவது பிளக் பாயிண்டைப் பார்க்க அல்லவே.

அவளுக்கு எழுதி அனுப்பிய குறிப்பு இது. புக் செய்தவுடன் ஹோட்டலுக்கே போன் செய். லிஃப்டுக்கும் மாடிப்படிக்கும் தள்ளி, வராந்தாவின் கடைசியில், முடிந்தால் மேல்மாடியில் அறை கேள். தலைக்கு மேல் யாரும் நடக்க மாட்டார்கள். பக்கத்து அறையோடு உள்கதவால் இணைந்த அறை வேண்டாம் என்று குறிப்பாகச் சொல். குடும்பங்களுக்கு அது வசதி, தனியாகப் போகிறவருக்கு அது இன்னொரு ஓட்டைக் கதவு. விமர்சனங்களில் 'சத்தம்' என்று தேடிப் படி, மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதே. அறைக்குள் போனதும் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கதவை ஒருமுறை தானாகச் சாத்த விட்டுப் பார், கீழே இடைவெளியையும் பார். மாற்றிக் கேட்க அதுதான் நேரம். கூடுதலாகக் கொடுத்திருக்கும் டவலைச் சுருட்டிக் கதவடியில் வை. ஃபோம் இயர் பிளக் ஒரு ஜோடி எப்போதும் பையில் இருக்கட்டும். பேச்சை அது நன்றாகத் தடுக்கும், அந்த டமாரைத் தடுக்காது, டமார் சுவர் வழியாகக் கட்டிலுக்கே வந்துவிடும். கிளம்பும்போது 'கதவு' என்ற சொல்லைப் போட்டு விமர்சனம் எழுது. மெத்தை நன்றாக இருந்ததைப் பற்றி எழுத ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அடுத்த மாதப் பயணத்துக்கு அதே ஹோட்டலில்தான் புக் செய்திருக்கிறேன். கடைசி அறை கேட்டிருக்கிறேன்.