கண்ணாடிச் சுவர் ஓரம் உட்காராதீர்கள்

கோவை ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு காபிக் கடையின் மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் கச்சேரி வைக்கிறார்கள். போன வாரம் பெங்களூரிலிருந்து வந்த நால்வர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகையான ப்ளூஸ் வாசித்தார்கள். நுழைவு 400 ரூபாய், அதில் ஒரு காபி சேர்த்தி. வாசிப்புக்கு முழு மார்க் போடலாம். அறைக்குப் பாதிதான்.

நான் அன்னூர்ப் பக்கம் மைக்செட் கடை வைத்திருப்பவன். நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் குழாய் கட்டிக் கட்டி, எங்கே போனாலும் கண் முதலில் ஸ்பீக்கரைத்தான் தேடும். இங்கே ரோட்டைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி, தரை கிரானைட், மேலே வெறும் கான்கிரீட். திரைச்சீலை ஒன்றுகூட இல்லை. போகிற சத்தமெல்லாம் பட்டுப் பட்டுத் திரும்பி வருகிறது. இதில் டிரம்முக்கும் மைக் வைத்திருந்தார்கள். நாற்பது பேர் உட்காரும் அறைக்கு அது எதற்கு? பாடியவர் என்ன சொல்கிறார் என்றே பிடிபடவில்லை. நடுநடுவே மைக் வேறு கூவியது.

ப்ளூஸில் வார்த்தை போனால் பாதி போச்சு. ஒரு வரியைப் பாடி, அதையே இன்னொரு தரம் பாடி, மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்வார்கள். பெரும்பாலும் பன்னிரண்டு பார் (தாளக் கட்டம்), மூன்றே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), அதே சுற்று. வரிக்கு வரி விடுகிற இடைவெளியில் கிட்டார் பதில் பேசும். உடுக்கடிப் பாட்டில் அண்ணன்மார் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அங்கே பின்பாட்டுக்காரர் செய்கிற வேலையை இங்கே கிட்டார் செய்கிறது.

இடைவேளையில் மிக்சரில் இருந்த பையனிடம் போய், “தம்பி, டிரம் மைக்கை ஆஃப் பண்ணிட்டு, கண்ணாடியப் பாத்த ஸ்பீக்கரை உள்பக்கமாத் திருப்புங்க” என்றேன். “நீங்க யாருங்ணா?” என்றான். சொன்னேன். முகம் சுளிக்காமல் செய்தான், நல்ல பையன்.

அப்புறம் நடந்தது வேறு கச்சேரி. ஹார்மோனிகா (மவுத் ஆர்கன்) வாசித்தவர் மைக்கையும் வாத்தியத்தையும் சேர்த்து உள்ளங்கைக்குள் பொத்தி, சின்ன வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றில் விட்டார். அது திணறித் திணறிக் கரகரவென்று பேசியது. என் செட்டில் இந்தக் கரகரப்பு வந்தால் கூலியில் பிடித்துவிடுவார்கள். இவர் வேண்டுமென்றே வரவழைக்கிறார். 1943-இல் மிசிசிப்பியை விட்டு சிகாகோ போன ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ், அங்கே கிளப் இரைச்சலில் சாதாரண கிட்டார் எடுபடாமல்தான் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாறினார். அவர் குழுவில் இருந்த லிட்டில் வால்டர் ஹார்மோனிகாவை இப்படி மைக்கோடு பொத்தி வாசித்துப் பேர் வாங்கியவர். ஆக, எங்கள் தொழில் இல்லாமல் சிகாகோ ப்ளூஸ் இல்லை என்று நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

அன்றைக்குக் கிட்டார் ஈ சுருதியில் போக, நம்ம ஹார்மோனிகாக்காரர் கையில் இருந்தது ஏ சுருதி ஹார்மோனிகா. ஏன் என்று முடிந்ததும் அவரிடம் கேட்டேன். மூச்சை உள்ளே இழுக்கும்போதுதான் ப்ளூஸுக்கு வேண்டிய சுரங்கள் நன்றாக வளையும், அதற்காகத்தான் சுருதி மாற்றி எடுப்பது என்று வாசித்தே காட்டினார். பாடியவர் விரலில் கண்ணாடிக் குழாய் மாட்டிக் கம்பியில் இழுத்த மெதுவான பாட்டு ஒன்று, வெசனம் பிடித்த பாட்டு, அதுதான் அன்றைக்கு உச்சம். அந்த ஒரு பாட்டுக்கே 400 கொடுக்கலாம்.

சாண்ட்விச் 220 ரூபாய், ரொட்டி காய்ந்திருந்தது. காபி பரவாயில்லை.

போகிறவர்கள் உள்பக்கத் தூணை ஒட்டிய மேஜையைக் கேட்டு வாங்குங்கள். ஏழு மணி என்று போட்டுவிட்டு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தொடங்கினார்கள், முடிய பத்தாகிவிட்டது. என்னைப் போல அன்னூர், புளியம்பட்டி போகிறவர்கள் பஸ்ஸை நம்பாமல் வண்டியில் வாருங்கள். டூவீலருக்குக் கீழே இடம் இருக்கிறது, காருக்கு இல்லை.