புதுப் போனா, பட்டன் போனா: கிணற்றடிக்கு எதன் சத்தம் கேட்கும்?

கடந்த ஆவணியில் அம்மாவுக்கு ஒரு புது டச் போன் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கனடாவில் இருந்து அண்ணா எனக்கு எடுத்தார். "அம்மாவுக்கு ஏழு தரம் அடிச்சிட்டன். என்ன நடந்தது?" பதறிப்போய் அம்மா இருக்கும் வட்டக்கச்சிக்கு ஓடினேன். போன் விறாந்தை வாங்கில் கிடந்தது. அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். "போன் அடிச்சதே மோனை? எனக்குக் கேக்கேல்லையே" என்றார்.

அம்மாவின் இடது காது 2009 இல் போனது. இடம்பெயர்ந்து போகும் வழியில் பக்கத்தில் ஷெல் விழுந்தது. அன்று தொடங்கிய இரைச்சல் இன்றும் அந்தக் காதில் இருக்கிறது. மிச்சம் இருப்பது வலது காது மட்டும். வன்னியில் இப்படி ஒற்றைக் காதோடு வாழ்பவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள், அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். இரண்டு கிழமை அம்மாவோடு நின்று, அவருடைய பழைய பட்டன் போன், புது டச் போன், சத்தம் கூட்டும் செயலி, ஹெட்செட், புளூடூத் பெட்டி என்று மாறி மாறிப் போட்டுப் பார்த்தேன்.

"சத்தம் காணாது" என்று நாங்கள் பொதுவாகச் சொல்வது உண்மையில் மூன்று வேறு குறைகள். மணி அடிப்பது கேட்கவில்லை என்பது ஒன்று. எடுத்தபின் அந்தப் பக்கத்துக் குரல் விளங்கவில்லை என்பது இன்னொன்று. பாட்டும் வீடியோவும் மெல்லமாகக் கேட்கிறது என்பது மூன்றாவது. ஒன்றில் வெல்கிற போன் மற்றதில் தோற்கும். கடையில் பாட்டுப் போட்டுக் காட்டி "பாருங்கோ, என்ன சத்தம்" என்பார்கள். அது மூன்றாவதுக்கு மட்டும் பதில். அம்மாவுக்குத் தேவை முதல் இரண்டும்.

மணிச் சத்தம்

போனின் பக்கத்தில் உள்ள சத்தம் கூட்டும் பொத்தானை அம்மா நாள் முழுக்க அமத்தியிருக்கிறார். பிழை அவருடையது அல்ல. ஆண்ட்ராய்டு 9 வந்ததிலிருந்து பல போன்களில், சும்மா இருக்கும்போது அந்தப் பொத்தான் பாட்டுச் சத்தத்தை மட்டுமே கூட்டும். மணிச் சத்தம் முன்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அம்மாவின் போனில் பாட்டு உச்சத்தில் நின்றது, மணி பாதிக்கும் கீழே. இன்னொரு கெட்ட சங்கதி: மணி அடித்துக்கொண்டிருக்கும்போது சத்தத்தைக் கூட்டவென்று அதே பொத்தானை அமத்தினால் மணி நின்றுவிடும். ஒருநாள் முன்னால் நின்று பார்த்தேன். அம்மா போனை எடுத்து, இன்னும் பலமாகக் கேட்கட்டும் என்று பொத்தானை அமத்தினார். போன் ஊமையானது. அண்ணா வைத்துவிட்டார் என்று நினைத்து அம்மா போனைக் கீழே வைத்தார். மணி ஓயவேண்டுமென்று யாரோ எண்ணிச் செய்த வசதி, அவருக்கு உபத்திரவம்.

ஆகவே செட்டிங்ஸில் ஒலிப் பகுதிக்குப் போய், மணிக்கான கோட்டைத் தனியாகக் கடைசிவரை இழுத்துவிடவேண்டும். ஆண்ட்ராய்டு 14 இலிருந்து மணிக்கும் குறுஞ்செய்தி அறிவிப்புக்கும் வேறு வேறு கோடுகள். மணியைக் கூட்டினால் வாட்ஸ்அப் செய்தி ஒவ்வொன்றும் வீட்டை உலுப்பும் என்ற பழைய கவலை இனி வேண்டாம். அறிவிப்பை அடியில் விட்டுவிடலாம்.

அதைச் செய்தபிறகு இரண்டு போனையும் வாங்கில் அருகருகே வைத்து, அடிக்கவிட்டு, முற்றத்தில் நடந்தேன். விறாந்தையிலிருந்து கிணற்றடிக்கு என் நடைக்கு 36 காலடி. டச் போனின் சொந்த மெட்டு, அந்த மெல்லிய இசை, பதினைந்தாம் காலடியில் காற்றோடு கரைந்தது. பட்டன் போனின் கிணிகிணி கிணறு தாண்டி வாழைக்குள்ளும் கேட்டது. எனக்கு ஆச்சரியமில்லை. பட்டன் போனில் ஒலிபெருக்கியின் துளை முதுகில் அகலமாக இருக்கிறது. அதன் மணி, மனிதக் காது கூர்மையாகப் பிடிக்கும் சுருதியிலேயே தன் பலம் முழுவதையும் கொட்டுகிறது. டச் போனில் ஒரு மெல்லிய வெட்டு, அதற்குள் வலை, அதன்மேல் வாங்கிய அன்றே போட்ட றப்பர் கவர்.

சரி, பட்டன் போன்தான் வென்றது என்று எழுதி முடித்திருப்பேன். பிறகு அம்மாவைக் கிணற்றடியில் நிற்கவைத்து அடித்துப் பார்த்தேன். முடிவு மாறியது. எனக்குக் காதைக் குத்திய அந்தக் கிணிகிணி அவருக்கு அரைகுறையாகத்தான் எட்டியது. வயது போகப் போக முதலில் மங்குவது மேல் சுருதி. வெடிச் சத்தத்தில் அடிபட்ட காதுக்கும் பெரும்பாலும் அதே கதி. கீச்சென்ற மணியை எவ்வளவு கூட்டினாலும் அப்படிப்பட்ட காது அதைப் பிடிக்கச் சிரமப்படும். தவில் மெட்டைப் போட்டுப் பார்த்தேன், அது வாங்கை விட்டே வெளியே வரவில்லை. போனுக்குள் இருக்கிற சின்ன ஒலிபெருக்கியால் தவிலின் அடிக் குரலைத் தூக்க முடியாது. கடைசியில் நாதஸ்வரத் துண்டு ஒன்றை மணியாக வைத்தேன். கவரைக் கழற்றி, போனைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்து அடித்தேன். அம்மா உடுப்பை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "கோயில்ல மேளம் தொடங்கிட்டுதே?" என்று கேட்டார். அது எனக்குப் போதுமான பதில்.

என் காதுக்குப் பட்டன் போன், அம்மாவின் காதுக்கு நாதஸ்வரம் போட்ட டச் போன். கேட்கப்போகிறவரின் காதை வைத்துத்தான் மணியைத் தெரிவுசெய்யவேண்டும். வாங்கிக் கொடுக்கிற பிள்ளையின் காது இதற்கு உதவாது.

தூரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) குறையும். 10 டெசிபல் ஏறினால்தான் எங்கள் காதுக்கு இரு மடங்கு போலத் தெரியும். பெட்டியில் '200 வீதம் சத்தம்' என்று அடித்திருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். ஒலிபெருக்கிக்குப் போகும் வலுவை இரண்டு மடங்காக்கினாலும் கிடைப்பது 3 டெசிபல்தான். அதைவிட, போனைப் பாதித் தூரம் கிட்டக் கொண்டுவந்து மாட்டினால் காசில்லாமல் 6 டெசிபல். விறாந்தையின் கிணற்றுப் பக்கத் தூணில் ஒரு ஆணி அடித்து, துணிப் பையின் அடியை வெட்டி, ஒலித்துளை வெளியே தெரியும்படி போனைத் தொங்கவிட்டேன். இரண்டு கிழமையில் செய்தவற்றில் அதிகம் பலன் தந்தது அந்த ஆணிதான்.

எடுத்தபிறகு வரும் குரல்

"கேக்குது, ஆனா விளங்குதில்லை." அம்மா இதைச் சொல்லும்போது நான் ஆரம்பத்தில் சத்தத்தைக் கூட்டத்தான் பார்த்தேன். அழைப்புக் குரலுக்கு, கொம்பனிகள் மாற்றாத மூல ஆண்ட்ராய்டில் 5 படிகள்தான், பாட்டுக்கு 15. உச்சத்தில் வைத்தும் அதே முறைப்பாடு.

முதல் காரணம் வெட்கப்படுமளவுக்குச் சின்னது. கடையில் ஒட்டித்தந்த கண்ணாடி, காதில் வைக்கும் துளையின் மேல் ஒரு நெல்மணி அகலத்துக்கு ஏறியிருந்தது. கழற்றி, சரியாக வெட்டிய ஒன்றை ஒட்டியதும் குரல் திறந்தது. புதுப் போனில் குரல் மெல்லமாக இருந்தால், கொம்பனியைத் திட்டுமுன் அந்தத் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெட்டியோடு வந்த மெல்லிய தாளைக்கூடச் சிலர் உரிக்காமல் மாதக்கணக்கில் பாவிக்கிறார்கள்.

மற்றக் காரணம் பெரியது. பழைய முறை அழைப்பு 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்தும். ச, ஸ போன்ற எழுத்துகளின் சீற்றத்தில் பெரும்பங்கு அதற்கு மேலே இருக்கிறது. 4ஜி ஊடான வோல்ட்டி அழைப்பில், இரு பக்கமும் அதற்கு ஏற்றதாக இருந்தால், 50 முதல் 7000 வரை வரும். சத்தம் கூடுவதில்லை, சொல் தெளிகிறது. இந்த இடத்தில் அம்மாவின் பழைய பட்டன் போன் சுத்தமாகத் தோற்றது. அது 2ஜி காலத்துப் போன். தங்கச்சி வவுனியாவிலிருந்து எடுத்து "சனிக்கிழமை வாறன்" என்றது பழையதில் வெறும் முனகல், புதியதில் கிழமையோடு விளங்கியது. பட்டன் போன்தான் வேண்டும் என்றால் வோல்ட்டி உள்ள 4ஜி பட்டன் போனாகப் பார்த்து எடுங்கள். கடையிலேயே சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு எடுத்துக் காது கொடுத்துப் பாருங்கள்.

சாம்சங் போன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஒலி அமைப்புகளுக்குள், வயதுக்கு ஏற்ப ஒலியைத் திருத்தும் 'அடாப்ட் சவுண்ட்' உண்டு: 30 க்குக் கீழ், 30 முதல் 60, 60 க்கு மேல் என்று மூன்று. மேல் சுருதி மங்கிய காதுக்கு 60 க்கு மேல் என்பதைப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஐபோன் எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் இருந்து வந்தால்தான் உண்டு. முகத்தால் திறக்கும் ஐபோனில், நீங்கள் திரையைப் பார்த்தவுடன் மணி தானாகத் தாழும். பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டு ஓடவேண்டாம், அதை அமைப்பில் நிறுத்தலாம்.

செயலியும் ஹெட்செட்டும்

சத்தம் கூட்டும் செயலிகளை நான் விரும்பவில்லை. ஏற்கெனவே உச்சத்தில் உள்ள ஒலியை இன்னும் தள்ளினால் அலையின் தலை வெட்டுப்படும். குரல் கரகரக்கும், சின்ன ஒலிபெருக்கி சூடாகும். அம்மாவுக்குச் சத்தம் கூடியது, விளக்கம் குறைந்தது. இடையிடையே விளம்பரம் வேறு குதித்தது. மெல்லமாகப் பதிந்த வீடியோ ஒன்றைப் பார்க்க விஎல்சி செயலியில் 200 வீதம் வரை கூட்டுவது பரவாயில்லை, அதற்கு மேல் வேண்டாம்.

ஹெட்செட்டில் வயர் உள்ளதற்கே என் வாக்கு. புளூடூத்துக்கு இன்னொரு சார்ஜ் வேண்டும். சிலவற்றில் போனுக்கு ஒரு அளவு, ஹெட்செட்டுக்கு ஒரு அளவு என்று இரண்டு சத்தம் இருப்பதால், ஒன்று தாழ்ந்திருந்தால் மற்றதை எவ்வளவு கூட்டியும் பயனில்லை. வயரைச் செருகினால் வேலை முடிந்தது. போனில் பழைய உருண்டைத் துளை இல்லையென்றால் டைப்-சி வயர் உள்ளதை வாங்கவேண்டும்.

ஒற்றைக் காதுக்காரருக்கு மிக முக்கியமான அமைப்பு அணுகல் வசதிகளுக்குள் ஒளிந்திருக்கிறது: மோனோ ஒலி. அதைப் போடாவிட்டால் பாட்டிலும் வீடியோவிலும் இடப் பக்கத்துக்குப் பிரித்த ஒலி, கேட்காத காதுக்குப் போய் வீணாகும். போட்டால் இரண்டு பக்கத்து ஒலியும் ஒன்றாகி வலது காதுக்கு வரும். அதைப் போட்ட அன்றுதான் பேரப்பிள்ளை அனுப்பிய பாட்டில் ஆர்மோனியம் இருப்பதே அம்மாவுக்குத் தெரிந்தது. இரண்டு தரம் திருப்பிக் கேட்டார்.

ஆனால் ஹெட்செட்டில் உச்சத்துக்குப் போகவேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, கிழமைக்கு 80 டெசிபலில் 40 மணித்தியாலம். 90 டெசிபலுக்கு ஏறினால் அது 4 மணித்தியாலமாகச் சுருங்கும். போன் தருகிற எச்சரிக்கையைத் தட்டிவிட்டுக் கூட்டுகிறோமே, மிஞ்சியிருப்பது ஒரே காது என்றால் அதைச் செய்யக்கூடாது. எந்தப் போனிலும் குரல் விளங்காவிட்டால் காதைப் பரிசோதிக்கவேண்டும். அம்மாவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக நாள் குறித்திருக்கிறேன்.

புளூடூத் பெட்டி குடும்பமாகச் சுற்றியிருந்து கதைக்க நல்லது. ஆனால் வீட்டுக் கதை படலை தாண்டிப் போகும்.

இன்னொன்று, எங்கள் மண்ணுக்கே உரியது. சூடடிக்கும் காலத்தில் உமித் தூசும், கோடையில் கிரவல் வீதியின் செம்புழுதியும் ஒலித்துளை வலையில் படியும். கவரைக் கழற்றிப் பார்த்தால் அந்த வலை செங்கல் நிறத்தில் இருக்கும். காய்ந்த, மெதுவான பல் தூரிகையால் பக்கவாட்டில் மெல்லத் துடைத்தால் போதும். ஊசியால் குத்துபவர்களைக் கண்டிருக்கிறேன், வலை கிழிந்தால் ஒலிபெருக்கியையே மாற்றவேண்டிவரும்.

இரவுக்குத் தனி ஏற்பாடு தேவை. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்ததை மறக்கமுடியாது. அப்படி ஒரு இரவில் மணி கேட்காமல் போகக்கூடாது. டச் போனில் மணி அடிக்காமல் வைக்கும் தொந்தரவு தடுப்பைப் போட்டாலும், எங்கள் இலக்கங்களை விலக்காக வைக்கலாம். 15 நிமிடத்துக்குள் ஒரே ஆள் இரண்டாம் தரம் எடுத்தால் மணி அடிக்கவும் விடலாம். பட்டன் போனின் அதிர்வு பலமானது, தலையணைக்குக் கீழே அதை எதுவும் வெல்லாது.

ஆகவே அம்மாவிடம் இப்போது இரண்டும் இருக்கிறது. பகலில் டச் போன் தூணில் தொங்குகிறது, இரவில் பட்டன் போன் தலைமாட்டில். பழைய சிம் பட்டன் போனில்தான், எங்கள் எல்லோரிடமும் இரண்டு இலக்கமும் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணா எடுத்தபோது நான் முற்றத்தில் நின்றேன். நாதஸ்வரம் மூன்றாம் தரம் அடிக்கமுன் கிணற்றடியில் இருந்து அம்மாவின் குரல் வந்தது: "பொறு மோனை, வாளியை இறக்கிப்போட்டு வாறன்."