பூங்காவில் விழா நடத்த அனுமதி: எந்த முறை சேலத்துக்கு ஒத்துவரும்?

ஒருவர் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொல்ல வேண்டும் என்கிறார். ஒரு குடியிருப்போர் சங்கம் பொங்கல் விழா நடத்தக் கேட்கிறது. ஒரு கம்பெனிக்கு விளம்பர மேடை போட வேண்டும். மூவரும் ஒரே பூங்காவை ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டால் யாருக்குக் கொடுப்பது? இதைத் தீர்க்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, நமக்குப் பழகிப்போனது: மனு கொடுப்போம், அதிகாரி முடிவு செய்வார். இதை முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே திரண்டிருக்கும்போது பக்கத்தில் இன்னொரு கூட்டம் வேண்டாம் என்று சொல்ல, ஊர் நிலவரம் அறிந்த ஒருவர் வேண்டும். சிக்கல் எங்கே என்றால், "இல்லை" என்ற பதிலுக்குக் காரணம் இருக்காது. பல சமயம் பதிலே வராது. விழா தேதி தாண்டிய பிறகு கிடைக்கும் அனுமதியை வைத்து என்ன செய்வது? ஆமதாபாத்தில் தெருக்களில் பொதுக்கூட்டம் நடத்துவது பற்றிய ஹிமத்லால் ஷா வழக்கில், உச்ச நீதிமன்றம் 1972-லேயே ஒன்றைத் தெளிவாக்கிவிட்டது. அரசு கூட்டங்களை ஒழுங்குபடுத்தலாம்; ஆனால் எந்த வழிகாட்டுதலும் இல்லாமல், விருப்பப்படி மறுக்கும் அதிகாரத்தை ஓர் அதிகாரியிடம் கொடுத்துவிட முடியாது. தெருவுக்குச் சொன்ன அந்த நியாயம் பூங்காவுக்கும் பொருந்த வேண்டும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது, சமுதாயக் கூடத்துக்குச் செய்வது போல, முதலில் வாடகை கட்டியவருக்கு இடம். வேகமான முறை, சிபாரிசுக்கு வேலை இல்லை. ஆனால் நல்ல ஞாயிறுகளை எல்லாம் வசதி உள்ளவர்கள் மாதக்கணக்கில் முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள். வாடகை வருகிறது என்றால் நிர்வாகத்துக்கும் வாராவாரம் விழா நடத்தும் ஆசை வந்துவிடும். காலையில் நடக்க வருகிற பெரியவர்களும் ஊஞ்சலுக்கு வருகிற பிள்ளைகளும் எங்கே போவார்கள்? எனக்கு இந்த முறை பிடிக்கவில்லை.

மூன்றாவது, விதிகளை முன்கூட்டியே எழுதி வைப்பது. சிகாகோ பூங்கா நிர்வாகத்தின் விதி இதற்கு நல்ல உதாரணம். அங்கே 50 பேருக்கு மேல் கூடினால் அனுமதி வேண்டும். விண்ணப்பத்துக்கு 14 நாளில் பதில் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் இன்னொரு 14 நாள் நீட்டிக்கலாம். எந்தெந்தக் காரணத்துக்காக மறுக்கலாம் என்பது பட்டியலாகவே இருக்கிறது: முன்பு பூங்காவைச் சேதப்படுத்திப் பணம் கட்டாதது, பொய்த் தகவல் கொடுத்தது, அந்த இடம் ஏற்கெனவே வேறொருவருக்குப் போய்விட்டது, இப்படி. கூட்டத்தில் என்ன பேசப் போகிறார்கள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும், மேல்முறையீடும் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-இல் இந்த விதியைச் சரி என்றது.

சேலத்துக்கு இதைத்தான் கேட்பேன், நம் ஊருக்கு வேண்டியதைச் சேர்த்து. மைக் இல்லை, பந்தல் இல்லை, 50 பேருக்குள் என்றால் அனுமதியே தேவையில்லை. வாசலில் இருக்கும் காவலாளியிடம் சொன்னால் போதும். மைக் வைத்தால் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வரும்: இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக இருக்கலாம். 2019 முதல் தமிழ்நாட்டில் தடையில் இருக்கும் பிளாஸ்டிக் கப்பையும் தட்டையும் விழாவில் பார்த்தால் முன்பணத்தில் பிடித்தம். மரத்தில் ஆணி அடித்து பேனர் கட்டினால் முன்பணம் முழுவதும் போக வேண்டும். இதில் நான் கறார். ஒரே தேதிக்குப் பலர் வந்தால் குலுக்கல் போடலாம். பெரிய கூட்டங்கள் போஸ் மைதானத்துக்கே போகட்டும், பூங்காவின் புல்தரை தாங்காது.

ஏற்காட்டுக்கு இதே விதியைத் தூக்கிப் போக முடியாது. மே மாதக் கோடை விழாவின் மலர்க்கண்காட்சிக்காக அண்ணா பூங்காவில் தொட்டிச் செடிகளைப் பல வாரம் முன்பிருந்தே வளர்க்கிறார்கள். அந்த நாட்களில் தனியார் விழா எதற்குமே இடம் தரக் கூடாது. மற்ற மாதங்களிலும் அங்கே தலை எண்ணிக்கையை விட வண்டி எண்ணிக்கைதான் முக்கியம். நாற்பது பேர் ஒரே பஸ்ஸில் வந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அதே நாற்பது பேர் பதினைந்து காரில் வந்தால், இருபது கொண்டை ஊசி வளைவிலும் நெரிசல், ஏரிக்கரையில் நிறுத்த இடமில்லை, அவசரத்துக்குச் சேலம் இறங்க வேண்டிய மலைக்கிராமத்து நோயாளி நடுவழியில் நிற்க வேண்டும். அதனால் ஏற்காடு விண்ணப்பத்தில் முதல் கேள்வியே "எத்தனை வண்டி?" என்று இருக்கட்டும்.