இணையத்தில் கிடைக்கும் புலப்பட நகல்: ஓர் எல்லைத் தாவாவில் பயன்படுத்திப் பார்த்த பிறகு

தமிழ்நாடு அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ நிலப்பதிவு இணையதளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றுடன், ஒரு புல எண்ணின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் வரைபடமான புலப்படத்தையும் பார்த்து அச்சிட்டுக்கொள்ளலாம். பேச்சு வழக்கில் எல்லோரும் எஃப்.எம்.பி. என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலோர் நிலம் வாங்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்வதற்காக இதை எடுக்கிறார்கள். நான் எடுத்தது, பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைத் தள்ளிப் போட்டதாக என் தகப்பனார் உரிமையியல் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்குக்காக. எனவே இந்தச் சேவையின் தரத்தை நீதிமன்றத்தில் அந்த வரைபடம் எவ்வளவு தாங்கியது என்பதை வைத்தே இங்கே மதிப்பிடுகிறேன்.

எடுப்பது எளிது. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுத்தால் சில நிமிடங்களில் படம் கைக்கு வந்துவிடும், கட்டணம் கிடையாது. முன்பு இதே படத்துக்காக வட்ட அலுவலகத்துக்கு எத்தனை முறை நடந்தோம் என்பதை நினைத்தால் இது பெரிய உதவி. நகரப் பகுதி மனைகளுக்கு நகர நில அளவைப் பதிவேடு தனியாக இருப்பதால், அங்கே உள்ளவர்கள் அந்தப் பிரிவில் தேட வேண்டும்.

படம் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் தவறு, அதன்மேல் அளவுகோலை வைத்தது. எங்கள் நிலம் 0.45.5 ஹெக்டேர், அதாவது 1 ஏக்கர் 12 சென்ட். வடக்கு தெற்காக ஏறத்தாழ 91 மீட்டர், கிழக்கு மேற்காக 50 மீட்டர். மேற்கு வரப்பின் வடக்கு முனை 1.6 மீட்டர் எங்கள் பக்கம் நகர்ந்து, தெற்கு முனையில் பழைய இடத்திலேயே நின்றது. ஆப்பு வடிவில் போன அந்தத் துண்டு ஏறத்தாழ 1.8 சென்ட். எங்கள் புலப்படம் 1:2000 அளவில் வரையப்பட்டது; அந்த அளவில் 1.6 மீட்டர் என்பது தாளில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பேனாக் கோட்டின் தடிமனுக்குள் எங்கள் வழக்கு முழுவதும் அடங்கிவிடுகிறது. இது போதாதென்று, ஏ4 தாளில் அச்சிடும்போது படம் சுருங்கவும் கூடும். நம்ப வேண்டியது கோட்டையல்ல, கோட்டின்மேல் எழுதப்பட்டிருக்கும் மீட்டர் எண்களை. புலத்தின் குறுக்கே ஓடும் ஜி-லைன் எனப்படும் அளவைக் கோட்டையும், அதிலிருந்து ஒவ்வொரு முனைக்கும் குறித்திருக்கும் செங்குத்துத் தூரங்களையும். இதை எனக்கு விளக்கியவர் ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர். வழக்கு நடந்த விதத்தைப் பார்த்தபோது, நீதிமன்றமும் ஏறக்குறைய இப்படித்தான் படத்தைப் படிக்கிறது என்று தெரிந்தது.

அரசின் அதிகாரத்தின்கீழ் தயாரிக்கப்பட்ட வரைபடம் என்றால், அது சரியானது என்று நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ள வேண்டும். 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 83ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் இதே விதி 82ஆம் பிரிவாக இருக்கிறது. ஆனால் அதே பிரிவின் பிற்பகுதி, ஒரு வழக்குக்காகவே தயாரிக்கப்பட்ட வரைபடத்தைச் சரியானது என்று தனியாக மெய்ப்பித்தாக வேண்டும் என்கிறது. எனக்கு இது மிக நியாயமான வேறுபாடாகத் தோன்றுகிறது. புலப்படம் வரையப்பட்டபோது எங்களுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் தகராறு இல்லை. அதை வரைந்தவருக்கு எங்களில் எவரிடமும் கூலி இல்லை. வழக்கு தொடங்கிய பிறகு வரையப்படும் படத்துக்கு அந்த நடுநிலை இருப்பதில்லை.

இதன் பொருளை நாங்கள் காசு கொடுத்துத்தான் கற்றோம். பிராது தாக்கல் செய்த வேகத்தில் தனியார் அளவையாளர் ஒருவரை அமர்த்தினோம். செயற்கைக்கோள் கருவியுடன் வந்து, ஒரே காலையில் அளந்து, வண்ணத்தில் அழகான படம் ஒன்றைக் கொடுத்தார். ஆக்கிரமிப்பு 2.4 மீட்டர் என்று அதில் இருந்தது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவரிடம் கேட்ட முக்கியமான கேள்வி, எந்த அளவைக் கல்லிலிருந்து (அரசு அளவையில் எல்லையைக் குறிக்க நட்ட கல்) தொடங்கினீர்கள் என்பதுதான். அவர் தொடங்கியது எங்கள் மோட்டார் கொட்டகையின் மூலையிலிருந்து. அந்தக் கொட்டகை எந்தப் புலப்படத்திலும் இல்லை. கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், தொடங்கிய புள்ளி அரசு அளவையுடன் கட்டப்படாவிட்டால், அது தரையில் இன்று இருப்பதைத்தான் நுட்பமாகக் காட்டும். எல்லை எங்கே இருக்க வேண்டும் என்பதைக் காட்டாது. அந்தப் படத்தை ஏற்க நீதிமன்றம் மறுத்தது. மறுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

இணையத்தில் எடுத்த அச்சு நகலுக்கும் ஒரு தடை வந்தது. கையொப்பமோ முத்திரையோ இல்லாத கணினி அச்சை எப்படிச் சான்றாவணமாகக் குறியீடு செய்ய முடியும் என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. மின்னணுப் பதிவாகவே காட்டுவதானால் புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும். பொது ஆவணமாகக் காட்டுவதானால் அதன் பொறுப்பிலுள்ள அலுவலர் 75ஆம் பிரிவின்படி கொடுக்கும் சான்றிட்ட நகல் வேண்டும். எங்கள் வழக்கறிஞர் முன்னரே வட்ட அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துப் பெற்று வைத்திருந்ததால் சிக்கல் அங்கேயே முடிந்தது. இணைய நகலை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்; நீதிமன்றத்துக்குச் சான்றிட்ட நகலையே கொண்டு செல்லுங்கள்.

வழக்கின் போக்கை மாற்றியது வழக்கறிஞர் ஆணையரின் வருகை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26, விதி 9இன்படி, இடத்தை நேரில் ஆய்வு செய்ய நீதிமன்றம் ஆணையரை அனுப்பலாம். எல்லையை அடையாளம் காண்பதே தாவாவாக இருக்கும்போது ஆணையரை நியமித்து அளக்கச் செய்திருக்க வேண்டும் என்று ஹரியானா வக்ஃப் வாரியம் எதிர் சாந்தி சரூப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் கூறியிருக்கிறது. நிலம் யாருடைய அனுபவத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து வரச்சொல்லி ஆணையரை அனுப்ப முடியாது. அதைக் கட்சிக்காரர்கள் தங்கள் சாட்சியத்தால்தான் நிரூபிக்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் மனுப்போட்டுத் தள்ளுபடி ஆனவர்கள் பலர்.

அன்று நடந்த அளவையை முழுவதும் உடன் நின்று பார்த்தேன். ஆணையருடன் வந்த வட்ட சர்வேயர் முதலில் வரப்பின் பக்கமே போகவில்லை. கல்லைத் தேடினார். வாய்க்கால் கரைச் சேற்றுக்குள் முழங்கை ஆழத்தில் ஒன்று கிடைத்தது. பக்கத்துப் புல எண்ணின் மூலையில் மற்றொன்று நின்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து புலப்படத்து எண்ணுடன் ஒப்பிட்டார். சில சென்டிமீட்டர் வேறுபாடே இருந்தது. கற்கள் இடம் மாறவில்லை என்று உறுதியான பிறகுதான், அவற்றிலிருந்து அளந்து, காணாமற்போன மூன்றாவது கல் இருந்திருக்க வேண்டிய இடத்தைக் குறித்தார். அந்த இடம் புதிய வரப்பிலிருந்து 1.6 மீட்டர் மேற்கே இருந்தது. இரு தரப்பும் பார்க்க ஒவ்வொரு படியும் குறிக்கப்பட்டது. இரு தரப்பின் ஆட்சேபங்களும் பெறப்பட்டன. ஆணையரின் அறிக்கை விதி 10இன்படி வழக்கின் ஆவணங்களில் ஒன்றாகிவிடும் என்றாலும், நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. தேவைப்பட்டால் ஆணையரையே கூண்டில் ஏற்றி விசாரிக்கலாம். எங்கள் வழக்கில் அறிக்கை நின்றதற்குக் காரணம், எங்கிருந்து தொடங்கினார்கள் என்பதை எவரும் மீண்டும் சரிபார்க்க முடிந்ததே.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் வேறு இடத்திலிருந்து வந்தது. எங்கள் 1968ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில் பரப்பு 1 ஏக்கர் 20 சென்ட் என்று இருந்தது. புலப்படப்படி 1 ஏக்கர் 12 சென்ட்தான். பத்திரமே பொய் சொல்லும்போது எல்லையை எப்படி நம்புவது என்று கேட்டார்கள். பத்திரத்தின் செக்குபந்தியில் கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் நிலம் என்று நான்கெல்லைகளும் தெளிவாக இருந்தன. விவரணைகள் முரண்படும்போது பரப்பைவிட எல்லையே மேலோங்கும் என்ற நெறி நம் நீதிமன்றங்களில் நெடுங்காலமாக வேரூன்றியது. சுபாகா எதிர் ஷோபா வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் எடுத்துச் சொன்னது. புல எண்ணைத் தவறாக எழுதியிருந்தால்கூட இதே அணுகுமுறைதான். ஷியோத்யான் சிங் வழக்கில் 160 என்று இருக்க வேண்டிய மனை எண் 1060 என்று எழுதப்பட்டிருந்தும், எல்லைகளும் பரப்பும் பொருந்தியதால் அதை வெறும் விவரணைப் பிழை என்றே உச்ச நீதிமன்றம் கொண்டது. எங்களுக்கும் அந்த 8 சென்ட் கிடைக்கவில்லை. நாங்கள் அதைக் கேட்கவும் இல்லை.

இந்தப் படத்தால் முடியாதது ஒன்று உண்டு. அதை அறியாமல் வழக்குக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. புலப்படம் கோடு எங்கே என்று சொல்லும். கோட்டுக்குள் இருப்பது யாருக்குச் சொந்தம் என்று சொல்லாது. படத்துடன் சேர்த்து எடுக்கும் பட்டாவும் தனியாக உரிமையைத் தந்துவிடாது. வருவாய்ப் பதிவில் பெயர் ஏறுவதால் உரிமை உண்டாவதுமில்லை, அழிவதுமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சவர்ணி வழக்கிலும் 1997இல் பல்வந்த் சிங் வழக்கிலும் கூறியிருக்கிறது. எனவே உரிமையே தாவாவில் இருந்தால் மூலப் பத்திரங்களைத் தேடுங்கள். எத்தனை புலப்படங்களை அடுக்கினாலும் அந்த இடம் நிரம்பாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1923ஆம் ஆண்டு தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின்படி அளவை முடிந்து, 13ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கை வெளியானால், அதில் பதியப்பட்ட எல்லை சரியாகவே தீர்மானிக்கப்பட்டது என்பதற்கு அந்தப் பதிவு முடிவான சான்றாகிறது. ஒப்பாதவர் அறிவிக்கை நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் 14ஆம் பிரிவின்படி வழக்குத் தொடர வேண்டும். மறுஅளவை நடக்கும் ஊர்களில் இருப்பவர்கள், அளவை நடக்கிற நாளில் நிலத்தில் நின்று, உட்பிரிவுக் கோடுகள் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மதிப்பெண் கேட்டால், நிலத்தை அறிந்துகொள்ளும் கருவியாக இந்த இணையச் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். சாட்சியமாக, சான்றிட்ட நகலும் இரண்டு நல்ல கற்களும் உடன் இருந்தால் நான்கு. கல் இல்லாத இடத்தில் இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. வழக்குக்குப் போகும் முன், அளந்து காட்டச் சொல்லி வருவாய்த் துறைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். நாங்கள் முதலிலேயே அதைச் செய்திருந்தால் தனியார் அளவைக்குக் கொடுத்த பணமாவது மிஞ்சியிருக்கும்.

தன் நிலத்து அளவைக் கற்களைப் பேணுவதும் புதுப்பிப்பதும் பட்டாதாரரின் கடமை என்று அதே 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் மூன்றாவது கல் எப்போது போனது என்று வீட்டில் எவருக்கும் நினைவில்லை. தீர்ப்புக்குப் பிறகு நட்ட புதிய கல்லைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு ஏர் போகாமல் விட்டிருக்கிறோம். அறுவடை முடிந்ததும் மூன்று கற்களுக்கும் சுண்ணாம்பு அடிக்கிறார் அப்பா.