ஹேண்ட்பிரேக்: என்கோடர் பிரமாதம், முன்னமைப்பில்தான் கோளாறு

எடிட்டிங் மென்பொருளிலேயே ஹெச்.264 என்ற வழக்கமான வீடியோ வடிவத்தில் எக்ஸ்போர்ட் இருக்க, வீடியோவைச் சுருக்கி மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருள் தனியாக எதற்கு? உள்ளே இருக்கும் எக்ஸ்264, எக்ஸ்265 என்கோடர்களுக்காக (வீடியோவை ஹெச்.264, ஹெச்.265 ஆகச் சுருக்கும் நிரல்கள்). பல எடிட்டர்கள் எவ்வளவு பிட்ரேட், அதாவது நொடிக்கு எவ்வளவு தரவு, வேண்டும் என்று கேட்கும். இது எவ்வளவு தரம் வேண்டும் என்று கேட்கிறது. ஆர்.எஃப். என்ற தர எண் ஒன்றைக் கொடுத்தால் போதும். ஆள் உட்கார்ந்து பேசும் காட்சிக்குக் கொஞ்சம், மழை கொட்டும் காட்சிக்கு நிறைய என்று பிட்டுகளை அதுவே பங்கிட்டுக்கொள்ளும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசம்.

ஆனால் டிவிடியைக் கோப்பாக மாற்றப் பிறந்த கருவி இது. அந்தப் பிறவிக்குணம் இன்னும் போகவில்லை. திறந்ததும் வந்து நிற்கும் 'ஃபாஸ்ட் 1080பி30' முன்னமைப்பை அப்படியே ஓட்டினால் 60 ஃபிரேம் ஃபுட்டேஜ் 30 ஆகிவிடும், 4கே 1080 ஆகச் சுருங்கிவிடும். ஃபிரேம்ரேட்டை 'சேம் அஸ் சோர்ஸ்' என்றும் 'கான்ஸ்டன்ட்' என்றும் வையுங்கள். ரெசல்யூஷன் வரம்பை எடுத்துவிடுங்கள். இதைவிட எரிச்சலானது தானியங்கி கிராப். சினிமாத் தோற்றத்துக்காக மேலும் கீழும் கருப்புப் பட்டை வைத்திருந்தால், வேண்டாத ஓரம் என்று நினைத்து வெட்டிவிடும். 1920×1080 ஆகப் போனது 1920×800 ஆகத் திரும்பி வரும். கிராப்பிங்கை 'நன்' ஆக்கினால் தீர்ந்தது.

உள்ளே என்ன கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். எடிட்டரில் ஒருமுறை ஹெச்.264 ஆக்கிவிட்டு அதையே இங்கே மறுபடி சுருக்கினால், முதல் சுருக்கத்தின் கட்டம்கட்டமான பிசிறையும் விவரம் என்று நம்பி அதற்கும் பிட் செலவழிக்கும். அதிகம் சுருக்காத எடிட்டிங் வடிவங்களான புரோரெஸ் 422 ஹெச்க்யூ அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஹெச்க்யூஎக்ஸ் கொடுங்கள். டிஎன்எக்ஸ்ஹெச்ஆரில் வெறும் ஹெச்க்யூ 8 பிட்தான், 10 பிட் கிரேடிங் (நிறத் திருத்தம்) அங்கேயே போய்விடும். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா பாருங்கள்: 1080பி30 புரோரெஸ் ஹெச்க்யூ நிமிடத்துக்குச் சுமார் 1.65 ஜிபி.

ஆர்.எஃப். எண் குறையக் குறையத் தரம் கூடும். 1080பி-க்கு 20 முதல் 24, 4கே-க்கு 22 முதல் 28 என்பது வழக்கமான வரம்பு. ஆறு எண் குறைத்தால் கோப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். யூடியூபுக்கு ஏற்றுவதென்றால் 16–18 வையுங்கள், அங்கே இன்னொரு முறை சுருக்கப்போகிறார்கள். முழுதும் ஓட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். 'ரேஞ்ச்' பகுதியில், அலை, இலை, புகை என்று எது கடினமோ அந்த 30 நொடியை மட்டும் என்கோட் செய்து பாருங்கள். மாலை வானத்தில் வரிவரியாகப் பட்டை தெரிந்தால் ஆர்.எஃப்.-ஐக் குறைத்துக்கொண்டே போவதைவிட எக்ஸ்265 10 பிட்டுக்கு மாறுவது மேல். பழைய டிவியில் ஓட வேண்டுமென்றால் மட்டும் ஹெச்.264 8 பிட்டோடு இருங்கள்.

என்விடியாவின் என்வென்க் போன்ற கிராபிக்ஸ் கார்டு என்கோடர்கள் பறக்கும், ஆனால் அதே தரத்துக்குக் கோப்பு பெருக்கும். எக்ஸ்264-இன் 20-ஐ அங்கே கொண்டுபோகாதீர்கள், அளவுகோலே வேறு. ஆப்பிளின் வீடியோடூல்பாக்ஸ் என்கோடரில் எண் கூடினால்தான் தரம் கூடும்.

500 எம்பி-க்குள் 10 நிமிடம் அடங்க வேண்டும் என்று யாராவது கறாராகச் சொன்னால் ஆர்.எஃப். உதவாது. 500-ஐ 8-ஆல் பெருக்கி 600 நொடியால் வகுத்தால் 6.67 எம்பிபிஎஸ். ஒலிக்கும் கொஞ்சம் கைக்காவலுக்கும் கழித்து பிட்ரேட் 6300 கேபிபிஎஸ், மல்டி-பாஸ் (முதலில் முழுதும் அலசிவிட்டுப் பிறகு சுருக்கும் முறை) போடுங்கள்.

பெரிய குறை ஒன்று: வீடியோவைத் தொடாமல் ஒலியை மட்டும் மாற்ற வழியில்லை. பின்னணி இசையை ஒரு டெசிபல் குறைக்கச் சொன்னாலும் முழுப் படமும் மறுபடி என்கோட் ஆக வேண்டும். கடைசி ஒப்புதல் வரும்வரை அந்தப் புரோரெஸ் மாஸ்டரை அழித்துவிடாதீர்கள்.